பீப் போட்டால் போதுமா?

(ஜெயங்கொண்டத்தில் நூலக வாசகர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கெட்ட வார்த்தையையும் அதை மறைக்கும் பீப் ஒலியையும் பற்றிப் பேசப்போகிறேன் என்று கேட்டதும் ஏற்பாட்டாளர்களில் ஒரு பெரியவர், "பொம்பளப் புள்ளைங்க, சின்னப் பசங்கல்லாம் வருவாங்கம்மா, பாத்துப் பேசுங்க" என்றார். அவர் கவலை நியாயமானது. தமிழ் இலக்கணத்தின் மிகப் பழைய விதி ஒன்றைத்தான் அவர் தம் பேச்சில் சொன்னார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் அவையல்கிளவி என்று வருகிறது. அவையில் சொல்லத் தகாத சொல் என்று பொருள். அதை மறைத்துச் சொல்ல வேண்டும் என்கிறார் தொல்காப்பியர். அடுத்த நூற்பாவிலேயே, வழக்கில் பழகி ஊறிவிட்ட சொல்லானால் மறைக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிடுகிறார். எந்தச் சொல்லும் பிறவியிலேயே கெட்டது என்று அங்கே பேச்சில்லை. எந்த அவை, அதில் யார் இருக்கிறார்கள், சொல் எவ்வளவு பழகியது என்பதுதான் கணக்கு. நன்னூலார் இதைத் தகுதி வழக்கில் சேர்த்து இடக்கரடக்கல் என்றார். கால் கழுவி வந்தான், வெளிக்குப் போனான் என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் உதாரணம் எழுதியிருப்பீர்கள். நம் ஊர்ப்பக்கம் 'கொல்லைக்குப் போயிருக்காரு' என்றால் யாரும் மேற்கொண்டு விவரம் கேட்பதில்லை.

இன்றைக்கு நம் வீட்டுக் கூடத்து அவை தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் கூடுகிறது. அங்கே இடக்கரடக்கலின் இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது பீப் என்ற ஒலி. சென்னையில் தொலைக்காட்சி எடிட்டிங் அறையில் உட்கார்ந்து அந்த ஒலியைப் போட்டுக்கொண்டிருந்தவள் நான். 'இந்த எடத்துல பீப் போடு', 'இதுக்கு பீப் வேணாம், மியூட் பண்ணிடு' என்பதுதான் அந்த அறையின் அன்றாடப் பேச்சு. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் அது என்ன ஒலி என்று பார்ப்போம். பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸ் அளவுள்ள ஒற்றைச் சுருதி. பழைய நாளில் ஒளிபரப்பு தொடங்குமுன் வண்ணப் பட்டைகள் திரையில் நிற்கும், கூடவே 'கூ' என்று ஒரு ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். நினைவிருக்கிறதா? ஒலி அளவைச் சரிபார்ப்பதற்காக வைத்திருந்த அந்த ஒலியேதான் இது. ஒவ்வொரு நிலையத்திலும் கைவசம் இருந்ததால் கெட்ட வார்த்தையின் மேல் எடுத்துப் போட வசதியாக இருந்தது. அமெரிக்க வானொலிகளில் நேயர்கள் தொலைபேசியில் நேரடியாகப் பேசத் தொடங்கியபோது, பேச்சை நாடாவில் பதித்துச் சில விநாடி தாமதித்து ஒலிபரப்பும் முறை வந்தது. அந்தச் சில விநாடிக்குள் பொத்தானை அழுத்தி வேண்டாத சொல்லை நீக்கிவிடலாம்.

நமக்கு அந்தத் தேவை வெகுகாலம் வரவில்லை. திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. நம் வீடுகளில் ரேடியோ என்றால் திருச்சிதான். அங்கே உரையாற்றப் போகிறவர் முழுப் பேச்சையும் எழுதிக் கொடுக்க வேண்டும். படித்துப் பார்த்துத் திருத்திய பிறகே ஒலிப்பதிவு. ஆபாசமோ அவதூறோ இருக்கக் கூடாது என்பது அகில இந்திய வானொலியின் நெறிமுறையிலேயே இருக்கிறது. கெட்ட வார்த்தை ஒலிவாங்கி வரைக்கும் வரவே வழியில்லை. 1993-இல் சன் டிவி வந்தது. பின்னால் 24 மணி நேரச் செய்திகளும், தெருவில் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்பதும், வீட்டுச் சண்டையை அரங்குக்குக் கூட்டிவந்து பேசவைக்கும் நிகழ்ச்சிகளும், விவாத மேடைகளும் வந்தன. ஜனங்கள் எழுதிவைத்துப் பேசுவதில்லை. பீப் நம் வீட்டுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

எடிட்டிங் அறையில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். திரையில் குரல் அலை அலையாக மேடுபள்ளத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். சொல் தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு, முடியும் இடத்தில் ஒரு வெட்டு, நடுவில் குரலை எடுத்துவிட்டு அந்த 'கூ'வை வைக்க வேண்டும். சொல்லை முழுக்க மறைக்க அரை விநாடி போதும். ஆனால் முழுக்க மறைப்பதை யாரும் விரும்புவதில்லை. "முதல் எழுத்தை விட்டுட்டுப் போடும்மா, இல்லேன்னா என்ன சொன்னான்னு ஜனங்களுக்குத் தெரியாது" என்பார் தயாரிப்பாளர். ஆகவே முதல் எழுத்து காதில் விழும், கடைசி எழுத்தும் விழும், உதட்டசைவும் தெரியும். பார்க்கிறவர் மனம் நடுவில் உள்ளதை நிரப்பிக்கொள்ளும். இன்னொரு வேலையும் செய்யச் சொல்வார்கள். விளம்பர முன்னோட்டத்தில், ஒரு நடிகையோ போட்டியாளரோ பேசும் சாதாரணச் சொல் ஒன்றின் மேல் பீப் போடச் சொல்வார்கள். 'சாப்பாடு' என்று சொல்லியிருப்பார். பீப் விழுந்ததும் அது வேறு எதுவோ ஆகிவிடும். ஒரு பெண் சொல்லாத கெட்ட வார்த்தையை அவர் வாயில் வைத்து, அன்றிரவு எட்டு மணிக்கு ஊரைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் ஏற்பாடு அது. மறைப்பதற்கென்று வந்த கருவியை இப்படித் தூண்டில் புழுவாக்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இடக்கரடக்கலுக்கும் பீப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். இடக்கரடக்கலில் பேசுகிறவரே அவையை எண்ணி, வேறு சொல்லைத் தேர்ந்து பேசுகிறார். மரியாதை அவரிடமிருந்து புறப்படுகிறது. பீப்பில் பேசுகிறவர் எதையும் மாற்றிக்கொள்வதில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் சொல்லின் மேல் ஒரு மூடியைப் போடுகிறார், மூடிக்குக் கீழே வசை அப்படியே இருக்கிறது.

இதைத் தமிழ்நாடு முழுக்கப் பேசவைத்த சம்பவம் 2015 டிசம்பரில் நடந்தது. நடிகர் சிலம்பரசன் குரலில் ஒரு பாட்டு இணையத்தில் வெளியானது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயரே 'பீப் சாங்'. பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல் வரும் இடத்தில் பீப் போட்டிருந்தார்கள். சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மூழ்கி, ஜனங்கள் வீடிழந்து நின்ற மாதம் அது. கோவையில் மாதர் சங்கத்தினர் புகார் கொடுக்க, வழக்குப் பதிவானது. பல ஊர்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். வெள்ள நிவாரண நிகழ்ச்சி ஒன்றுக்கு வந்த இளையராஜாவிடம் ஒரு செய்தியாளர் இந்தப் பாட்டைப் பற்றிக் கேட்க, அவர் கோபித்துக்கொண்டது தனிச் செய்தியாக ஓடியது. இசையமைப்பாளர் என்று பெயர் அடிபட்ட அனிருத், தமக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை கொடுத்தார். சிலம்பரசன் தரப்பு சொன்னது இரண்டு: அது வெளியிடுவதற்காகச் செய்த பாட்டில்லை, யாரோ திருடிப் போட்டுவிட்டார்கள். அந்தச் சொல்லையும் பீப் போட்டு மறைத்திருக்கிறோம். 2016 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு முன்ஜாமீன் கொடுத்தது.

தனிப்பட்ட பாட்டைத் திருடி வெளியிட்டதாகச் சொன்னதை நான் இங்கே விசாரிக்கப்போவதில்லை. இரண்டாவது வாதத்தைத்தான் பார்க்க வேண்டும். பீப் போட்டாகிவிட்டது, அப்புறம் என்ன ஆபாசம் என்ற கேள்வி. அன்றைக்குப் பள்ளிக்கூடப் பையன்கள் வரைக்கும் அந்தப் பாட்டைப் பாடினார்கள், பீப் வரும் இடத்தில் நிறுத்தாமல் பாடினார்கள். அந்தப் பெண்கள் தெருவுக்கு வந்தது ஒரு சொல் காதில் விழுந்ததற்காக இல்லை. காதலில் தோற்ற ஆண், பெண்ணை அவள் உடம்பின் ஒரு துண்டாகச் சுருக்கித் திட்டுவதை எதிர்த்து வந்தார்கள். பீப் ஒலியால் அந்தச் சொல் மறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த எண்ணம் எங்கே மறைந்தது?

உடம்பைப் பேசுவதே ஆபாசம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஊரில் நின்று ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த ஊருக்கும் கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டாருக்கும் பெயர் ஒன்று. அந்த நூலில் கடைதிறப்பு என்று ஒரு பகுதி உண்டு. போர்க்களம் பாடுமுன், அடைத்த கதவைத் திறக்கச் சொல்லிப் பெண்களை அழைக்கும் பகுதி. காமத்தையும் பெண்ணுடம்பையும் அவர் ஒளிக்காமல் பாடுகிறார். வகுப்பறையில் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். படித்துப் பாருங்கள். அங்கே ஒரு பெண்ணும் கேவலப்படவில்லை. உடம்பைச் சொல்வது வேறு, உடம்பை வைத்து ஆளைக் கீழே தள்ளுவது வேறு. கி. ராஜநாராயணன் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று பெயரிட்டு நாட்டார் பாலியல் கதைகளைத் தொகுத்தார். பெருமாள்முருகன் கெட்ட வார்த்தை பேசுவோம் என்று ஒரு கட்டுரை நூலே எழுதினார். இவற்றையெல்லாம் பீப் போட்டு அச்சடித்தால் மிஞ்சுவது காகிதம்தான்.

இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்து, நம் தெருவில் புழங்கும் வசைகளைக் கொஞ்சம் யோசியுங்கள். நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். இரண்டு ஆண்கள் டீக்கடையில் அடித்துக்கொள்வார்கள். இவன் அவனைத் திட்ட வேண்டும். திட்டு யாருக்குப் போகிறது? அவன் அம்மாவுக்கு, அக்காவுக்கு, பெண்டாட்டிக்கு. அந்த அம்மா பாவம், அந்நேரம் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கிக்கொண்டு இருப்பாள். அவளுக்கும் அந்தச் சண்டைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பத்து வயதுப் பையன் தன் கூட்டாளியை அந்த வார்த்தையால்தான் கூப்பிடுகிறான், அர்த்தம் தெரியாமலே.

இந்தச் சொற்களை உரக்கச் சொல்லியே தீர வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. அது காவல் நிலையம். நிலத் தகராறிலோ தண்ணீர்ப் பிரச்சினையிலோ ஒரு பெண்ணை நடுத்தெருவில் வைத்து ஒருவன் திட்டுகிறான். அவள் புகார் கொடுக்கப் போகிறாள். இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு 294(பி) என்ற பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவு. 'அசிங்க அசிங்கமாகத் திட்டினார்' என்று மட்டும் புகாரில் எழுதினால் பெரும்பாலும் வழக்கு நிற்பதில்லை. என்ன சொன்னான் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 2022-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், சொன்னதாகச் சொல்லப்படும் சொற்கள் எந்த ஆவணத்திலும் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி வழக்கை ரத்து செய்தது. இப்போது அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். எழுத்தர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். "என்ன சொன்னான்னு சொல்லும்மா, அப்பதான் எழுத முடியும்." பக்கத்தில் மாமனார் நிற்கிறார், வாசலில் நாலு ஆண்கள் நிற்கிறார்கள். அவளுக்கு வாய் வரவில்லை. வேண்டாம் சார் என்று எழுந்து போய்விடுகிறாள். திட்டினவன் வாய்க்கு இல்லாத கூச்சம், திட்டு வாங்கினவள் வாயைக் கட்டிப்போடுகிறது. இப்படிப்பட்ட புகாரைப் பெண் காவலர் ஒருவர் தனியே வைத்து எழுதி வாங்க வேண்டும் என்று நாம் கேட்கலாம். கேட்க வேண்டும்.

இதே கூச்சம் பிள்ளைகளுக்கு எதிராகவும் வேலை செய்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. ஒரு குழந்தை தனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் உடம்பின் பாகங்களின் பெயர்கள் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் 'அது', 'இது', 'ஷேம் ஷேம்' என்று சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம். மாதவிலக்கை 'வீட்டுக்குத் தூரம்' என்றே சொல்லிப் பழகினோம். சொல் மட்டும் தூரமாகவில்லை, அந்த மூன்று நாளும் பெண்ணையே திண்ணைக்குத் தள்ளிவைத்தோம். மருத்துவர் சொல்லும் சொல்லுக்கும் பள்ளியில் ஆசிரியை சொல்லும் சொல்லுக்கும் பீப் போடும் நிகழ்ச்சிகளை நான் எடிட் செய்திருக்கிறேன். அந்த இடத்தில் அது தீங்குதான்.

இன்னொரு பக்கம் வாருங்கள். பீப் விழவே விழாத வசைகள் உண்டு. நம் பழைய படங்களில் வசனம் எழுதியவர்கள் 'சண்டாளா' என்று எத்தனை முறை எழுதியிருப்பார்கள்! தாய் மகனைத் திட்டுவாள், கதாநாயகி வில்லனைத் திட்டுவாள். தணிக்கையில் கத்தரிக்கவில்லை, தொலைக்காட்சியில் பீப் இல்லை. சண்டாளர் என்பது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் அட்டவணையில் உள்ள ஒரு சமூகத்தின் பெயர். 2024 ஜூலையில், ஓர் அரசியல் மேடைப் பாட்டு சர்ச்சையானபோது, தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இந்தச் சொல்லை வசையாகவோ நகைச்சுவையாகவோ பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. அறிவிப்பு வந்தபிறகுதான் பலருக்கு அது ஒரு சாதியின் பெயர் என்றே தெரிந்தது. அந்தச் சமூகத்துப் பிள்ளை இத்தனை ஆண்டுகளாகக் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறதே. அந்தப் பிள்ளையை நாம் அவையில் கணக்கெடுக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்யும் சொற்களும் இப்படித்தான். நொண்டி, செவிடு, திக்குவாய் என்று நகைச்சுவைக் காட்சிகளில் வாரி இறைத்தார்கள். 2024 ஜூலையில் ஓர் இந்திப் படம் தொடர்பான வழக்கில், திரையில் அவர்களை இழிவுபடுத்தும் சொல்லும் சித்திரிப்பும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் சொன்னது. இரண்டும் ஒரே மாதத்தில் வந்தன. காலம் தாழ்ந்து வந்தாலும் இரண்டும் நல்ல தீர்மானங்கள்.

பட்டியல் போட்டுச் சொற்களைத் தடுத்தும் பார்த்தார்கள். 2015 பிப்ரவரியில் மத்தியத் தணிக்கை வாரியத் தலைவராக இருந்த பஹ்லாஜ் நிஹலானி, படங்களில் வரக் கூடாத சொற்களின் பட்டியலை மண்டல அலுவலகங்களுக்கு அனுப்பினார். எதிர்ப்புக் கிளம்பி, அதை நிறுத்திவைத்தார்கள். பட்டியல் என்றாலே அது காதுக்கு வேலை கொடுக்கும், புத்திக்கு வேலை கொடுக்காது. மியூட் பொத்தான் அரசியலுக்கும் உதவும். 2018 தீபாவளிக்கு வந்த சர்கார் படத்தில் ஒரு பாத்திரத்தின் பெயர் கோமளவல்லி. மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதாவைக் குறிப்பதாக அ.தி.மு.க.வினர் போராட்டம் நடத்தினார்கள். சில நாளில் அந்தப் பெயர் ஒலியிழந்தது. கோமளவல்லி என்பது கெட்ட வார்த்தையா? கும்பகோணம் சாரங்கபாணி கோயிலில் தாயாரின் பெயர் அது.

வெளிநாட்டு வழக்கு ஒன்று எனக்குத் தொல்காப்பியரை நினைவூட்டும். ஜார்ஜ் கார்லின் என்ற நகைச்சுவைப் பேச்சாளர், ஒலிபரப்பில் சொல்லக் கூடாத ஏழு சொற்களைப் பற்றி ஒரு பேச்சு தயாரித்து வைத்திருந்தார். 1973-இல் நியூயார்க் வானொலி ஒன்று அந்த மாதிரிப் பேச்சைப் பிற்பகலில் ஒலிபரப்பியது. மகனோடு காரில் போனபோது கேட்டதாக ஒரு தந்தை புகார் செய்தார். 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அரசுத் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு பெரிதும் ஊன்றி நின்றது நேரத்தின் மேல்: பிற்பகல், பிள்ளைகள் கேட்கும் வேளை. அங்கேயும் கடைசியில் அவைதான் அளவுகோலானது.

எனக்கு எடிட்டிங் அறையில் மிக வருத்தம் தந்த வேலை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிலம் பறிபோன விவசாயி கேமரா முன்னால் வயிறெரிந்து பேசுவார். நம் பக்கத்தில் நிலக்கரித் திட்டத்துக்கு 1990களில் நிலம் எடுத்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேச்சின் நடுவே அவர் வாயில் ஒரு வசை வந்துவிடும். விதிப்படி நான் அதை மறைக்க வேண்டும், மறைப்பதில் எனக்கு மறுப்பும் இல்லை. ஆனால் மேலே இருக்கும் ஆள், "அந்த பீப் இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி எடு, அதான் வைரல் ஆகும்" என்பார். ஏக்கருக்கு என்ன கொடுத்தார்கள், எத்தனை வருடம் கோர்ட்டுக்கு நடந்தார் என்று அவர் சொன்னதெல்லாம் குப்பைக்குப் போகும். மூன்று பீப்பும் ஒரு கிழவரின் கோபமும் மட்டும் ஊர் சிரிக்க மிஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1995-இல் வந்தது. நிகழ்ச்சிகளுக்கான நெறிமுறை 1994-ஆம் ஆண்டு விதிகளின் ஆறாம் விதியில் இருக்கிறது. அதில் சொற்பட்டியல் கிடையாது. நாகரிகத்துக்கு ஒவ்வாததும் ஆபாசமும் கூடாது என்று சொல்வதோடு, பெண்களை இழிவாகச் சித்திரிக்கக் கூடாது, குழந்தைகளை இழிவுபடுத்தக் கூடாது, குறிப்பிட்ட இன, மொழி, வட்டார மக்களை ஏளனமாகக் காட்டக் கூடாது என்றும் தனித்தனியே சொல்கிறது. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது என்பதால்தான் வெட்டியும் மியூட் செய்தும் மறுசான்றிதழ் வாங்குகிறார்கள். விதி இழிவைத் தடுக்கச் சொல்கிறது. நிலையங்கள் ஒலியைத் தடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கின்றன. இழிவுக்கு பீப் போட இயலாது. நிகழ்ச்சியை எழுதும்போதே, எடுக்கும்போதே பார்க்க வேண்டிய விஷயம் அது.

2021 ஜூனில் இந்த விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி பார்வையாளர் யார் வேண்டுமானாலும் ஒளிபரப்பு நிறுவனத்துக்கு நேரடியாக எழுத்தில் புகார் கொடுக்கலாம். நிறுவனம் 15 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கும், அதற்கு மேல் மத்திய அரசின் குழுவுக்கும் போகலாம். கேபிள் சட்டத்தின்படி அதிகாரம் பெற்ற அலுவலர்களில் மாவட்ட ஆட்சியரும் ஒருவர். நம் ஆட்சியர் இருக்கும் அரியலூர் ஒன்றும் தூரமில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சியில் ஒரு பெண்ணையோ ஒரு சாதியையோ ஓர் உடற்குறையையோ கேவலப்படுத்தினால், தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர் மூன்றையும் குறித்துவைத்துப் புகார் எழுதுங்கள். பீப் போட்டிருந்தாலும் எழுதுங்கள்.